வாங்க, உட்காருங்க

உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு நேராக அடிக்க வேண்டியதுதான் என்று யமுனா சொன்னபோது நான் நம்பவில்லை. தேய்க்காமல் பிடிக்கிற பெயிண்ட் உலகத்தில் உண்டா, தேய்க்காமல் ஒரு பாத்திரம்கூடச் சுத்தமாவதில்லை, ஆனால் பிடித்துக்கொண்டது, முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது, இதோ கதவின் இடது மூலையில் கறுத்த பழுப்புக்கு மேல் வெளிச்சமாக ஒரு கோடு. கொஞ்சம் திப்பிதிப்பியாக இருக்கிறது. இருக்கட்டும். சாக் பெயிண்ட் என்றால் அப்படித்தான் இருக்குமாம், மினுக்காதாம், சாக்பீஸ் தேய்த்த பலகை மாதிரி மங்கலாக, தொட்டால் சொரசொரவென்று இருக்குமாம். வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற இந்தக் கப்போர்டை யமுனா வேனிட்டி என்கிறாள். பெங்களூருக்குப் போனதிலிருந்து என் மகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு வேனிட்டி என்றால் தோளில் மாட்டுகிற பை. பாத்ரூமுக்கு எதற்கு வேனிட்டி, அது எந்தக் கல்யாணத்துக்குப் புறப்படுகிறது? இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், அந்தப் பழைய அவர், அப்படின்னா சமையல்கட்டுக்கு லிப்ஸ்டிக் வாங்கிக் குடுடி என்று ஏதாவது சொல்லியிருப்பார். இப்போதைய அவர் பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, நான் பிரஷ்ஷை முக்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் திரும்பினால் தலையை ஆட்டுகிறார். "நல்லா இருக்குங்க," என்கிறார். இன்னும் ஒரு கோடுதான் அடித்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் யாரும் புது வேலையில் கைவைக்க மாட்டார்கள். நங்கையா, அதாவது அவருடைய அக்கா, போனில் சொல்லிப் பார்த்தார். "ஆடியில போயி எதுக்கு சாந்தாமணி பெயிண்ட்டு கியிண்ட்டுன்னுட்டு, ஆவணி பொறக்கட்டும்." ஆவணி பிறக்கிற வரைக்கும் இவர் இடுப்பு தாங்க வேண்டுமே. பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு வலது பக்கம் இருக்கிற எதுவும் கணக்கில் வருவதில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறதாம், மூளைதான் அந்தப் பக்கத்துச் செய்தியை வாங்க மாட்டேன் என்கிறதாம். கப்போர்டும் இருட்டு நிறம், தரையும் இருட்டு நிறம், இந்த பாத்ரூமில் வெளிச்சம் வருகிற வழி உள்ளங்கை அகல வென்டிலேட்டர் ஒன்று. தினமும் காலையில் பல் விளக்கப் போகும்போது கப்போர்டு மூலையில் இடித்துக்கொள்கிறார், இடித்த இடத்திலேயே இடித்து, இடுப்பு நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய்விட்டது. மூலையெல்லாம் பளிச்சென்று ஒரு நிறம் அடித்துவிடுங்கள், திரும்பும்போது கண்ணில் படும் என்று டாக்டர் சொன்னார். வேலை அதுதான், வேறொன்றும் இல்லை, வீட்டை அழகுபடுத்துகிற நிலைமையிலா நான் இருக்கிறேன். ஆனால் இடுப்பு கன்றினது எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. இடித்ததும் அவர் செய்கிறாரே, அதுதான் உறைத்தது. கப்போர்டைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க," என்கிறார். குனிந்து, சின்னதாகச் சிரித்து, வழி மறித்து நின்ற ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வது போலச் சொல்கிறார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதே குரலில்தான் அவர் என்னிடமும் பேசுகிறார். இந்த வீட்டில் எனக்கும் கப்போர்டுக்கும் ஒரே மரியாதை.

ஆஸ்பத்திரியில் நினைவு வந்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை "வாங்க". அப்புறம் கொஞ்ச நேரம் வாயை மென்றுவிட்டு, "உட்காருங்க". நானும் உட்கார்ந்தேன். பேசிட்டார், பேசிட்டார் என்று யமுனா அழுதாள், நர்ஸ் பெண் கையைத் தட்டினாள், நான் மட்டும் அந்த ஸ்டூலில் ஒரு வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் உட்கார்ந்து உட்கார்ந்தே வயதானவர் என் வீட்டுக்காரர் கிட்டுசாமி. வாங்க, உட்காருங்க, பாருங்க, புடிச்சா எடுங்க, நல்லா இருக்குங்க, நல்ல ஐட்டமுங்க. ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தைகள் தலையில் வேறு இடத்தில் பதிந்திருக்குமாம், அடிபட்டாலும் அது மட்டும் அழியாதாம், டாக்டர் விளக்கினார். அப்புறம் என்னைக் காட்டி, "இவங்க யாரு, சொல்லுங்க பார்க்கலாம்," என்று கேட்டார். இவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். "தெரிஞ்சவங்கதாங்க," என்றார். டாக்டருக்குச் சந்தோஷம். அடையாளம் தெரியுது, கவலைப்படாதீங்கம்மா. தெரிந்தவங்க என்றால் எல்லோரும்தானே தெரிந்தவங்க, கடைக்கு மூன்றாவது தடவை வருகிற பெண்ணும் தெரிந்தவங்கதான். எனக்கு இருக்கிற பயம் அன்றைக்கு வந்ததுதான், அதற்கப்புறம் ஒரு நாளும் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் யாரென்று இவருக்குத் தெரியுமா? சோறு போடுகிறவள், மாத்திரை கொடுக்கிறவள், கக்கூஸுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறவள் என்று தெரியும். அது தெரிந்தால் போதுமா? போதும் என்று நினைத்துக்கொள்ள முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை. ஐயோ, சொட்டுகிறது, பிரஷ்ஷில் அள்ளி அள்ளி எடுக்காதே என்று யமுனா சொன்னாள், முனையில் மட்டும் முக்கு, நீளமாக இழு, இழுத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்க்காதே. எனக்கு மனசே அப்படித்தான் வேலை செய்கிறது, இழுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப.

இந்தப் பெயிண்ட் கடையில் கிடைக்காது, சின்ன டப்பாகூட ஆன்லைனில்தான் வாங்க வேண்டுமாம், வீட்டிலேயே கலந்துகொள்ள யமுனாதான் வழி சொன்னாள். "சாதா எமல்ஷன் வாங்கும்மா. அதுல கால்சியம் கார்பனேட்டைக் கலந்தா முடிஞ்சுது, அதுதான் சாக் பெயிண்ட்." நான், "அதுக்கு எந்த ஃபேக்டரிக்குப் போறது கண்ணு?" என்றேன். "அம்மா, வாசல்ல போடற கோலமாவும்மா. கல்லை அரைச்சு விக்கறாங்கல்ல, அதேதான்." அடக் கடவுளே, இதற்கா இவ்வளவு பெயர். "கல்லு மாவும்மா, அரிசி மாவு இல்ல," என்றாள். "ஏன் கண்ணு, கோலமாவு எதுன்னு எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று போனை வைத்தேன். அதெல்லாம் சரி, வீட்டில் டப்பாவைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. இவருக்கு உடம்பு முடியாமல் போனபோது நங்கையா வந்து கூட இருந்தார், பாவம், ஒத்தாசைக்குத்தான், சும்மா உட்காரத் தெரியாத கை, சமையல்கட்டில் இருந்த டப்பா அத்தனையையும் கழுவி, துடைத்து, அவருக்கு எது சரி என்று பட்டதோ அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். பருப்பு இருந்த இடத்தில் புளி, புளி இருந்த இடத்தில் கடலைமாவு. பூஜை அலமாரிக்குக் கீழே, கல்லு மாவு எப்போதும் இருக்கிற இடத்தில், வெள்ளை மாவு டப்பாவைப் பார்த்ததும் அப்பாடா என்று எடுத்து வந்தேன். எமல்ஷனில் மூன்று கரண்டி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்கினால் கட்டி கட்டியாகச் சேர்கிறது, தோசைக்குக் கரைக்கிற மாதிரி கையை விட்டுக் கரைக்க வேண்டியதாகிவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், எனக்கு மாவு கோணல். கட்டி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தரையிலும் கொட்டியிருக்கிறது. அடித்து முடித்துவிட்டுக் கழுவிக்கொள்ளலாம்.

நிறம் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. கடைக்காரப் பையன் நிற அட்டையை விசிறி மாதிரி விரித்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் சொன்னான், நான் பார்த்ததும் இதைத் தொட்டுவிட்டேன், எனக்கு இது நம்பர் இல்லை, இது தாழம்பூ. மஞ்சளும் இல்லை, சந்தனமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு ஆசை வந்தது, இவர் கடையில் எப்படி இருப்பார் என்று பார்க்க. கடையில் தேன், வீட்டில் வேப்பெண்ணெய் என்று இவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வேப்பெண்ணெயை எனக்குத் தெரியும், தேன் எப்படி என்று பார்க்க வேண்டாமா. பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தைக்கு எதிரே நின்றேன். பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். இவர் முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. "வாங்க மேடம், உட்காருங்க, என்ன கலர் பாக்கறீங்க?" நான் பாட்டுக்கு உட்கார்ந்தேன். ஒரு புடவையை எடுத்து, ஒரு உதறு உதறி, முந்தியைத் தன் தோள்மேலே போட்டுக் காட்டுகிற சாக்கில் என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "எதுக்குடி இங்க வந்தே, மானத்த வாங்கறதுக்கா?" என்றார். நிமிர்ந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இது தாழம்பூ கலருங்க, உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்." சிரிப்பை அடக்க முடியாமல் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த இரண்டு குரலும் ஒரே ஆளிடமிருந்து வந்தது. மேலே கேட்டது ஊருக்கு, அடியில் கேட்டது எனக்கு. இப்போது மேலே இருக்கிறது மட்டும் மிச்சம் இருக்கிறது. அடியில் ஏதாவது இருக்கிறதா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்கிறேன், சாப்பாடு ஊட்டும்போது, சட்டைப் பொத்தான் மாட்டும்போது, தலை துவட்டும்போது முகத்தின் பக்கத்தில் காதை வைத்துக்கொள்கிறேன். "நல்லா இருக்குங்க." மூச்சுதான் கேட்கிறது. காலையில் பெயிண்ட் டப்பா மூடியைத் திறந்து இவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, ஏனுங்க, இது என்ன கலருங்க என்று கேட்டேன். உள்ளே பார்த்தார். அந்தக் கண்ணில் ஏதோ ஓடியது, ஓடியதாக நான் நினைத்துக்கொண்டேன். "நல்ல ஐட்டமுங்க," என்றார்.

முதல் கோட் முடிந்தது. காய்வதற்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஆடிக் காற்று வென்டிலேட்டர் வழியாக வந்து வந்து அடிக்கிறது, பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று இந்த ஊரில் எதையும் ஈரமாக விட்டுவைப்பதில்லை. பழுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கிறது, இரண்டாவது கோட் அடித்தால் மறைந்துவிடும். நான் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். மூக்குக்கண்ணாடியில் பெயிண்ட் தெறித்து ஒன்றும் தெரியவில்லை, கழற்றி வாஷ்பேசின்மேல் வைத்தாயிற்று, அது இல்லாமல் பக்கத்தில் இருப்பதெல்லாம் பூசினாற்போலத் தெரிகிறது, அவர் முகம் மட்டும் நாலடி தள்ளி நன்றாகத் தெரிகிறது. முழுக்க வழித்த முகம், நான்தான் வழித்துவிட்டேன். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெனிட்டா பட அட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள். "அங்கிள், இது என்ன?" குடையைக் குதிரை என்பார். சீப்பைக் கோபுரம் என்பார். டம்ளரைக் காட்டினால் ஞாயித்துக்கிழமை என்பார். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார், சரிதானே என்று. தப்பு என்று சொல்லக் கூடாது ஆன்ட்டி, சரியான வார்த்தையை மெதுவா நீங்க சொல்லிக்காட்டுங்க, கோபப்படாதீங்க, நம்பிக்கையா இருங்க. நான் ஏன் கோபப்படப் போகிறேன். எனக்கு இவர் கோபப்பட வேண்டும். அதுதான் வேண்டும். எப்பேர்ப்பட்ட கோபக்காரர், ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தால், என்னடி, உப்புக்கு ஊர்ல பஞ்சமா என்று கேட்கிற நாக்கு. போன மாதம் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்தேன், புளியை மட்டும் தூக்கலாகக் கரைத்தேன், வாயில் வைக்க முடியாத ரசம். ஊட்டினேன். முகம் சுளித்தது, நான் பார்த்தேன், சுளித்தது, விழுங்கினார், இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "நல்லா இருக்குங்க." மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சிறுவாணித் தண்ணீர் வருகிற நேரம், வீணாகப் போகிறதே என்று பாதியில் அழுகையை நிறுத்திக் குடத்தை வைத்தேன்.

இதை நங்கையாவிடம் ஒரு தடவை ஜாடையாகச் சொன்னேன், என்னை ங்க போட்டுக் கூப்பிடுகிறார் என்று. அவர் சிரித்தார். "எந்தப் புருஷன் பொண்டாட்டிய மருவாதியாக் கூப்பிடறான், குடுத்து வெச்சவ நீ." அவர் சொல்வதிலும் தப்பில்லை. நான்தானே ஒரு காலத்தில் இவரிடம் கேட்டேன், உங்க அக்கா முன்னால, வந்தவங்க போனவங்க முன்னால டி போடாதீங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்குது என்று. "சரிங்க மேடம்," என்று கடைக் குரலில் சொல்லிவிட்டு, அவர்கள் அந்தப் பக்கம் போனதும், "போயி காப்பி கொண்டாடி," என்றார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, இப்போது யார் முன்னாலும் டி இல்லை, தனியாக இருந்தாலும் இல்லை. நான் அவரை ஏனுங்க என்கிறேன், அவர் என்னைச் சொல்லுங்க என்கிறார், பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற இரண்டு பேர் மாதிரி அவ்வளவு மரியாதையாக இருக்கிறோம். இதற்காக ஒருத்தி ஏங்குவாள் என்று சொன்னால் யமுனா என்னைப் பிடித்து உலுக்குவாள், அம்மா, டி போட்டாத்தான் உனக்குப் பிடிக்குமா, என்னம்மா நீ என்பாள், அவள் படித்தவள், அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அந்த டி எனக்கு மட்டும் உள்ளது, கண்ணு. யமுனாவை அவர் கண்ணு என்பார், அக்காவை அக்கா என்பார், ஊரை எல்லாம் ங்க என்பார். அவர் வாயில் டி என்று வந்தால் நான்தான், என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது. பெயர் சொல்லிக்கூட ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அது போனால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

எழுந்திரு சாந்தாமணி, இரண்டாவது கோட். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கிறது, கையில் ஒட்டவில்லை, இதோ மேல் பலகையை ஒரே இழுப்பில் அடித்துவிட்டேன், பழுப்பு போய்விட்டது, நிஜமாகவே போய்விட்டது, பாத்ரூமே கொஞ்சம் அகலமானது போலத் தெரிகிறது. எனக்கு அடிக்க வருகிறதே! இது நன்றாக வந்தால் அவருடைய கட்டில் பக்கத்து ஸ்டூலுக்கும் அடிக்கலாம், வலது கைப்பக்கம் இருக்கிற எல்லாவற்றுக்கும் அடிக்கலாம், கதவு நிலைக்கு, அலமாரிக் காலுக்கு, இவர் திரும்புகிற பக்கமெல்லாம் தாழம்பூவாக இருக்கட்டும், எதிலும் இடிக்காமல் நடக்கட்டும், நடந்தால் கால் தேறும், கால் தேறினால் கோவிலுக்குக் கூட்டிப் போகலாம், நாலு பேரைப் பார்ப்பார், நாலு வார்த்தை வரும். வரும். பெனிட்டா சொல்வதை நான் நம்புகிறேன், ஒரு வருஷம் கழித்துப் பேசினவர்கள் எல்லாம் இருக்கிறார்களாம். கீழ்ப் பலகை, கால், பின்பக்கம், குனிந்துதான் அடிக்க வேண்டும், முழங்கால் முட்டி தரையில் குத்துகிறது, தலையைக் கப்போர்டுக்குள் விடாத குறை, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பிரஷ் போக மாட்டேன் என்கிறது. வாசலிலிருந்து அவர் குரல் கேட்கிறது. "எறும்புங்க." திரும்பாமலே சிரித்துக்கொள்கிறேன். சரி, குடை குதிரையானது போலக் கப்போர்டு எறும்பாகிவிட்டது. "கப்போர்டுங்க," என்று பெனிட்டா சொல்லித்தந்த மாதிரி மெதுவாகச் சொல்கிறேன், "கப்... போர்டு." "எறும்பு," என்கிறார் மறுபடி. ங்க இல்லை, அதை நான் கவனிக்கவில்லை, குழாய்க்குப் பின்னால் பிரஷ்ஷைத் திணித்துக்கொண்டிருக்கிறேன், முதுகு கடுக்கிறது, கொஞ்சம் அலுப்பாகக்கூட இருக்கிறது, கடவுளே, எத்தனை தடவை, எத்தனை நாளைக்கு. "ஆமாங்க, எறும்புதாங்க," என்கிறேன். ஊன்றுகோல் தரையில் டங்கென்று விழுகிற சத்தம். இல்லை, விழவில்லை, தட்டியிருக்கிறார்.

"எறும்புடி!"

நான் அசையவில்லை. பிரஷ் குழாய்க்குப் பின்னால் நிற்கிறது, கை நிற்கிறது, பெயிண்ட் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடுகிறது, ஓடட்டும், அசைந்தால் கேட்டது இல்லை என்றாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. என்ன சொன்னார். எறும்பு என்றார், அது இல்லை, அதற்கப்புறம் ஒன்று சொன்னார், கடைசியில், வெடுக்கென்று, பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்குத்தான் காது அப்படிக் கேட்டுவிட்டதோ, கேட்டுக் கேட்டு ஏங்கின காது, எதையும் கேட்கும். அப்போது மணிக்கட்டில் சுரீர் என்றது. கூடவே முழங்கையில் ஒன்று. கையை இழுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன், சிவப்புச் சித்தெறும்பு. ஒன்றில்லை. தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து ஒரு சாரை, தரையில் நான் கொட்டின மாவுக்கு ஒரு சாரை, பெயிண்ட் டப்பாவின் விளிம்பில் சுற்றி, கப்போர்டுக் காலில் ஏறி, ஈரத் தாழம்பூவில் ஒட்டிக்கொண்டு காலை உதறுகிறதும், ஒட்டாமல் கட்டியைக் கடித்துக்கொண்டு இறங்குகிறதுமாக ஒரு ஊரே வந்திருக்கிறது. கல்லு மாவைத் தின்ன எறும்பு வருமா. கொட்டிக் கிடப்பதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். அரிசி. பச்சரிசி. வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு நான் மெஷினில் கொடுத்து அரைத்து வைத்தது, நங்கையா கழுவித் துடைத்துக் கல்லு மாவு இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனது. பாத்ரூம் கப்போர்டுக்கு நான் இரண்டு கோட் தோசை ஊற்றியிருக்கிறேன். நாளைக்கு இதையெல்லாம் சுரண்டி, கழுவி, முதலிலிருந்து அடிக்க வேண்டும். யமுனா ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படியானால் அவர் சொன்னது சரி. குடையைக் குதிரை என்றவர், டம்ளரை ஞாயித்துக்கிழமை என்றவர், எறும்பைப் பார்த்து எறும்பு என்றார். மூன்று தடவை சொன்னார், நான்தான் அவரைத் திருத்தினேன், கப் போர்டு என்று பாடம் எடுத்தேன். எறும்பைத் தெரிகிறது. அது கடிக்கப் போவது யாரை என்று தெரிகிறது. தெரிந்துதான் கோபம் வந்திருக்கிறது.

திரும்பிப் பார்க்கிறேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இடது கையால் ஊன்றுகோலைப் பிடித்து, முகமெல்லாம் சிவந்து, ஒரு முட்டாளைப் பார்க்கிற பார்வை, எனக்குப் பழக்கமான பார்வை, ரசத்துக்கு, காணாமல் போன சாவிக்கு, பால் பொங்கி அடுப்பில் வழிந்ததற்கு எல்லாம் பார்த்த அதே பார்வை. நாளைக்கு மறுபடியும் என்னை வாங்க உட்காருங்க என்பார், எனக்குத் தெரியும், சாப்பிட்டதும் நல்லா இருக்குங்க என்பார், சொல்லட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் சொல்லட்டும், இனிமேல் எனக்கு அது பயமில்லை. கண்ணில் தண்ணீர் வந்து அவர் முகமும் பூசினாற்போலாகிவிட்டது. எழுந்திருக்கவும் தோன்றவில்லை, கையை உதறவும் தோன்றவில்லை. அவருக்கு வாய் கோணுகிறது, அடுத்த வார்த்தையைத் தேடுகிறார், கன்னம் உள்ளே போய் வெளியே வருகிறது, எவ்வளவு நேரமானாலும் நான் இப்படியே இருப்பேன்.

"கடிக்கும்டி," என்றார்.

"கடிக்கட்டும் போங்க," என்றேன்.